பழைய நூல் புடவைக்கு எத்தனை பிறவி?

எளிய வாழ்க்கை என்று தேடினாலே, பழைய பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்துப் பூச்சாடி ஆக்கும் வீடியோதான் முதலில் வருகிறது. அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காகப் பெயின்ட், பசை, ஜிகினா எல்லாம் புதிதாக வாங்குகிறோமே, அது எந்தக் கணக்கு? என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பழைய பொருளால் ஒரு புதிய பொருள் வாங்குவது நின்றதா?

இதில் நூற்றுக்கு நூறு வாங்குவது நூல் புடவை. கட்டி நைந்ததும் குழந்தைக்குத் தூளி. நாலாக மடித்துத் தைத்தால் விரிப்பு. வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிய அதுதான். கிழிந்த துண்டு அடுப்படியில் கரித்துணி, அப்புறம் தரை துடைக்க. சுத்தமான ஒரு கீற்றைத் திரித்தால் விளக்குத் திரி. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கிக் காந்தா தைப்பார்கள். அந்தக் காலத்தில் தையல் நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள்.

பழைய துணி ஏன் இவ்வளவு உழைக்கிறது? புதுத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி, மினுமினுப்புக்கு ஏற்றிய பூச்சு எல்லாம் இருக்கும். அவை தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. துவைக்கத் துவைக்க அவை கழன்று, இழை தளர்ந்து, துணி நன்றாக உறிஞ்ச ஆரம்பிக்கும். வயசாக வயசாகத் திறமை கூடுகிற பொருள் இது!

பருத்தி என்பது செல்லுலோஸ். அதற்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். பாலியஸ்டர் புடவையால் தரையைத் துடைத்தால் தண்ணீர் இடம் மாறுமே தவிர, துணிக்குள் போகாது.

அடுப்படியில் இது ஆபத்தும்கூட. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழைய துணி எதுவானாலும் கரித்துணி ஆக்கலாம் என்பது தப்பு. சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். அதையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நம் பாட்டிகள் நம்மைவிடச் சிக்கனமானவர்கள் என்பது பாதி உண்மைதான். அவர்கள் கையில் இருந்த துணி அதற்கு ஒத்துழைத்தது என்பது மீதி. தினமும் பஸ் பிடித்து வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம், கஞ்சி போட்டு இஸ்திரி செய்து நூல் புடவையே கட்டு என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. துண்டு, லுங்கி, போர்வை, தலையணை உறை, இவற்றையாவது முழுப் பருத்தியில் வாங்கலாமே? பத்து வருஷம் கழித்து வீட்டில் துடைக்கும் துணிக்குப் பஞ்சம் இருக்காது.