போபா ஃபெட்டின் துணிகள்: தைப்பதும் தேய்ப்பதும்

1980-இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் வரும் கூலிவேட்டைக்காரன் போபா ஃபெட்டின் தலைக்கவசத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மார்புத் தகட்டில் பெயின்ட் பெயர்ந்திருக்கும். அவனைப்போல் உடை தயாரிக்கும் ரசிகர்கள் பலர் கவசத்தைப் பொறுமையாகச் செய்துவிட்டு, துணிமீது கடைசி நேரத்தில் கறுப்புப் பெயின்ட்டைத் தெளிப்பார்கள். அப்படிச் செய்த துணி பழையதாகத் தெரியாது, அழுக்கான புதுத்துணியாகத்தான் தெரியும். துணி முதலில் வெளுக்கும், பிறகு தேயும். மேலே தெரியும் அழுக்கு கடைசியாகப் படிந்தது. நாமும் அந்த வரிசையிலேயே போக வேண்டும்.

1. துணி

முழுப் பருத்தியாக வாங்குங்கள். உடம்பு முழுவதையும் மூடும் உடுப்புக்கு ட்வில், இடது தோளில் தொங்கும் மேல்துணிக்குக் கேன்வாஸ். பாலியஸ்டர் கலந்தால் நிறம் சரியாக வெளுக்காது. வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் துவைத்துவிட்டால் கஞ்சி போகும். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும்.

2. சாயம்

உடுப்புக்குச் சாம்பல், மேல்துணிக்கு ஆலிவ் பச்சை, இடுப்புச் சுற்றுக்குத் துருநிறம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் நன்றாகப் பிடிக்கும். உப்பும் சலவைச் சோடாவும் சேர்க்க வேண்டும். அடுத்து வெளுக்கப்போவதால், வேண்டிய நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாகவே ஏற்றுங்கள்.

3. தையல்

கவசத் தகடுகளை மாட்டிய நிலையில் அளவெடுங்கள். தகடுகளைத் தாங்கும் மேற்சட்டையை இரண்டு அடுக்காகத் தைத்து, வெல்க்ரோவை நான்கு பக்கமும் தையல் போட்டுப் பொருத்துங்கள். நூலும் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் துணியோடு சேர்ந்து வெளுக்காது. தையல் மட்டும் தனியாகப் பளிச்சிடும். தைத்ததும் முழு உடையையும் அணிந்து உட்கார்ந்து, குனிந்து, கையை மடக்கிப் பாருங்கள். மடிப்பு விழும் இடங்களையும், தகடு உரசும் கோடுகளையும் அலசினாலும் அழியாதபடி நூலோட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வெளுப்பு

வெயில் படும் தோள், மேல்முதுகு, மேல்துணியின் வெளிப்புறம் ஆகியவைதான் வெளுக்கும். தகடு மூடும் இடம் பழைய அடர்நிறத்திலேயே இருக்கட்டும். நடக்கும்போது தகடு நகர்ந்து அந்த அடர்நிறம் தெரிந்தால், கவசம் அங்கே பல வருடம் கிடந்ததாகத் தோன்றும்.

ஒரு பங்கு குளோரின் பிளீச்சில் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் தெளியுங்கள். முதலில் துண்டுத்துணியில் சோதிப்பது நல்லது. வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே நிறையத் தண்ணீரில் அலசி, புகைப்படக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் முக்கி, மறுபடி அலசுங்கள். துணியில் மிஞ்சும் பிளீச்சை முறிக்க வினிகரைப் பயன்படுத்தவே கூடாது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

5. தேய்வு

நூலால் குறித்த இடங்களிலும் கைபடும் ஓரங்களிலும் மட்டும் வேலை செய்யுங்கள். துணிக்குள் மரக்கட்டையை வைத்து, காலர் விளிம்பு, முழங்கை, பாக்கெட் ஓரங்களில் 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, கம்பி பிரஷால் பஞ்சைக் கிளப்புங்கள். கிழிசல் வேண்டுமென்றால் கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டு நேர்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். நூல் மெலியும்வரை தேய்த்துவிட்டுக் கையால் இழுங்கள். பிறகு ஒருமுறை துவைத்தால் விளிம்புகள் தாமாகவே பிசிறும்.

6. அழுக்கு

கறுப்புக்குப் பதில் கரும்பழுப்பு, சாம்பல், காவி அக்ரிலிக் நிறங்களைத் தண்ணீர்போல நீர்க்கக் கரையுங்கள். ஈரத்துணியில் தெளித்தால் கறையின் ஓரம் கரைந்து பரவும். காய்ந்த துணியில் புள்ளிகளாக நின்றுவிடும். கால் விளிம்பில் தொடங்கி மேலே போகப்போகக் குறையுங்கள். எண்ணெய்க் கறை கை துடைக்கும் தொடைப் பக்கத்தில்தான் இருக்கும். முதுகின் நடுவில் இருக்காது. காய்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டால் நிறம் ஊன்றும்.

கடைசியாக, முகமூடி அணிந்துகொண்டு முல்தானி மட்டிப் பொடியைத் தூவித் தட்டிவிடுங்கள். சினிமா உடைகளுக்குத் தூசி ஏற்றும் பழைய முறை இது. துவைத்தால் போய்விடும், அடுத்த முறை மறுபடி தூவிக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எந்தக் கறையாவது தனித்துக் கண்ணை இழுத்தால், அதை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கவிடுங்கள்.