உறைந்த ஏரியில் எதிரொலி: பழைய மீன்காட்டிக் கருவியின் பழுதறியும் முறை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் குளிர்காலம் வந்ததும் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து கல் தளம்போல் இறுகிவிடுகிறது. மில் லாக்ஸ், சிம்கோ முதலிய ஏரிகளில் மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலிட்டு மீன் பிடிக்கின்றனர். நீருக்கடியில் மீன் உள்ளதா, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அறிய அவர்களுக்குத் துணை செய்வது சோனார் எனப்படும் எதிரொலிக் கருவியாகும்.

புதுக் கருவியின் விலை மிகுதி. ஆதலின் பலர் பிறர் உபயோகித்த கருவியை வாங்குகின்றனர். ‘போன குளிர்காலத்தில் நன்றாகத்தான் வேலை செய்தது’ என்ற விற்பவரின் சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இராது. கடுங்குளிரில் கருவியை இயக்கி, முகப்பில் ஒன்றும் தோன்றாதபோது, பழுது கருவியிலா, பாட்டரியிலா, தொங்கவிட்ட முறையிலா என்று தெரியாமல் நல்ல கருவியையே குப்பையில் எறிந்தவரும் உண்டு. பழுதை வரிசைமுறையில் தேடுவோருக்கு இந்த நட்டம் நேர்வதில்லை.

கருவி இயங்கும் விதம்

1826-ஆம் ஆண்டில் கொல்லடான், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியடித்து, ஒலி நீரில் வினாடிக்குச் சுமார் 1,435 மீட்டர் செல்வதாகக் கண்டனர். 1880-இல் கியூரி சகோதரர்கள், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். இவ்விரு உண்மைகளின்மேல் அமைந்ததே எதிரொலிக் கருவி. ஜப்பானில் 1948-இல் புருனோ நிறுவனத்தார் இதனை மீன் தேடுவதற்கு ஏற்ற வகையில் செய்தளித்தனர்.

பனிக்கட்டித் துளையில் தொங்கும் டிரான்ஸ்டியூசர் மின்னதிர்வை ஒலியதிர்வாக மாற்றி நீருள் அனுப்புகிறது. திரும்பும் எதிரொலியை மீண்டும் மின்னதிர்வாக மாற்றித் தருகிறது. பெரும்பாலும் இதன் அதிர்வெண் வினாடிக்கு 2,00,000. ஆகவே இவ்வொலி காதுக்குக் கேட்பதில்லை. 10 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒலி அடிமட்டத்திற்குச் சென்று திரும்ப 20 மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் 14 பங்கு.

வட்ட முகப்புடைய பழைய கருவிகளில் ஒரு சிறு விளக்கை மோட்டார் சீரான வேகத்தில் சுழற்றுகிறது. ஒலி புறப்படும்போது விளக்கு சுழிக் குறியில் ஒளிர்கிறது. எதிரொலி வந்ததும் மறுபடியும் ஒளிர்கிறது. இடையே விளக்கு சுழன்ற தொலைவே ஆழத்தின் அளவு.

முதலில் பாட்டரி

பெரும்பாலான பழுதுகளின் பிறப்பிடம் இதுவே. முழுதும் மின்னேற்றிய 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் அது பெரிதும் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஆயின் ஓய்வில் எடுத்த அளவை மட்டும் நம்பலாகாது. கருவியை இயக்கியபடியே வோல்ட்டை அளக்க வேண்டும். இயக்கியவுடன் அளவு சட்டென்று சரிந்தால் பாட்டரி முதுமையடைந்தது என்பது உறுதி. கோடை முழுவதும் மின்னேற்றாமல் கிடந்த பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, அதன் கொள்ளளவு குன்றிவிடும்.

குளிரும் பாட்டரியின் ஆற்றலைக் குறைக்கிறது. அறையில் நாள் முழுதும் உழைத்த பாட்டரி, உறைந்த ஏரியில் பிற்பகலிலேயே ஓய்ந்துபோகலாம். அது கருவியின் குற்றமன்று. மின்சாரம் தீர்ந்த பாட்டரியின் அமிலம் நீர்த்துவிடுவதால் எளிதில் உறைந்து, பெட்டியையும் வெடிக்கச் செய்யக்கூடும். உறைந்த பாட்டரிக்கு மின்னேற்ற முயல்வது ஆபத்தானது.

அடுத்து, முனைகளில் படிந்த களிம்பைத் துடைத்து, நேர் முனையும் எதிர் முனையும் மாறியுள்ளனவா என்று பார்த்து, பியூஸைச் சோதிக்க வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாக அதே அளவுடையதையே பொருத்துதல் வேண்டும்.

சுழிக் குறி கூறும் செய்தி

மின்சாரம் சரியாக இருந்தும் விளக்கு சுழலவில்லையெனில் பழுது மோட்டாரிலோ அதற்குச் செல்லும் மின்சுற்றிலோ உள்ளது. விளக்கு சுழன்றும் சுழிக் குறியில் ஒளி இல்லையெனில், விளக்கையும் ஒலியனுப்பும் பகுதியையும் ஐயுற வேண்டும். சுழிக் குறியில் ஒளி இருந்து, அடிமட்டத்தின் ஒளி மட்டும் இல்லையெனில் தேடவேண்டிய இடங்கள் நான்கு: டிரான்ஸ்டியூசர், அதன் கம்பி, தொங்கவிட்ட முறை, எதிரொலியை ஏற்கும் பகுதி.

இவற்றுள் எளியதை முதலில் பார்ப்பதே முறை. துளையில் மிதக்கும் பனித்தூளைக் கரண்டியால் அள்ளி அகற்ற வேண்டும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காற்றுக் குமிழியோ பனிப்படலமோ இருந்தால் ஒலி அங்கேயே தடைப்படும். அதைத் துடைத்து, பனிக்கட்டியின் கீழ் விளிம்பிற்குச் சற்றுக் கீழே, முகம் நேராக அடிமட்டத்தை நோக்கும்படி தொங்கவிட வேண்டும். சாய்ந்து தொங்கினால் அடிமட்டத்தின் குறி மங்கி அகன்று தோன்றும்.

பின்னர்க் கம்பி. செருகியின் அருகிலும், கம்பி டிரான்ஸ்டியூசருக்குள் நுழையும் இடத்திலும் முறிவு ஏற்படுவதே வழக்கம். கருவி இயங்கும்போது அவ்விடங்களை மெல்ல வளைத்துப் பார்க்கையில் ஒளி தோன்றித் தோன்றி மறைந்தால், முறிவு அங்கேதான் உள்ளது.

இவ்வளவு செய்தும் பயனில்லையெனில், அதே வகையைச் சேர்ந்த, நன்கு இயங்கும் வேறொரு டிரான்ஸ்டியூசரை இரவல் பெற்றுப் பொருத்த வேண்டும். குறி தோன்றினால் பழையதே பழுது. தோன்றாவிடில் பழுது பெட்டிக்குள் இருக்கிறது. ஒருமுறைக்கு ஓர் உறுப்பை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்பது விளங்காது.

பழுதுபோல் தோன்றுபவை

முகப்பில் ஒளிக்கோடுகள் ஒழுங்கின்றிச் சுழன்றோடுவது பெரும்பாலும் அண்டைத் துளையில் இயங்கும் மற்றொரு கருவியின் குறுக்கீடாகும். அண்டையிலுள்ளவரைத் தம் கருவியைச் சிறிது நேரம் நிறுத்தச் சொன்னால் உண்மை புலப்படும். உண்மை ஆழத்தின் இரு மடங்கில் இன்னொரு கோடு தோன்றுவதும் பழுதன்று. கெட்டியான அடிமட்டத்திலிருந்து எழுந்த ஒலி, மேற்பரப்பில் மோதி மீண்டும் கீழே சென்று வருவதால் நிகழ்வது அது. மென்மையான சேறு ஒலியை விழுங்குவதால் அங்கே குறி மங்கலாகவே இருக்கும்.

ஆழ அளவில் காணும் வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. பனிக்கட்டிக்குக் கீழே நீரின் வெப்பம் 0° முதல் 4° சென்டிகிரேடு வரையே இருப்பதால், நன்னீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,402 முதல் 1,421 மீட்டர் அளவில் நிற்கிறது. ஒரு கருவி 1,500 மீட்டர் என்ற கணக்கில் அளவிடப்பட்டிருந்தால், உண்மையில் 10 மீட்டராக உள்ள ஆழத்தை ஏறத்தாழ 10.6 மீட்டர் என்று காட்டும். இது இயற்கையின் விளைவு. ஆனால் மோட்டார் தளர்ந்து மெதுவாகச் சுழன்றால், எதிரொலி வருவதற்குள் விளக்கு குறைந்த தொலைவே சென்றிருக்கும். கருவி ஆழத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே கூடுதலாகக் காட்டும் சிறு வேறுபாட்டைப் பொறுக்கலாம். உண்மையினும் குறைத்துக் காட்டுமாயின் மோட்டாரைச் சோதிக்க வேண்டும்.

இறுதிச் சோதனை

முடிச்சுகளிட்டு அளவு குறித்த கயிற்றில் ஈயக் குண்டு ஒன்றைக் கட்டி அதே துளையில் இறக்க வேண்டும். குண்டு இறங்க இறங்க முகப்பில் ஓர் ஒளிக்கோடு உடன் இறங்க வேண்டும். உயர்த்தினால் உயர வேண்டும். கயிற்றின் அளவும் முகப்பின் அளவும் ஏறத்தாழ ஒத்திருந்தால் ஒலியனுப்பும் பகுதி, ஏற்கும் பகுதி, மோட்டார், விளக்கு யாவும் செம்மையாக உள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன்பே இச்சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

குண்டு தெரிந்தும் மீன் தெரியவில்லையெனில் அவ்விடத்தில் மீன் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். மீனின் உடலிலுள்ள காற்றுப்பை ஒலியை நன்கு எதிரொலிக்கும். எனினும் அடிமட்டத்தை ஒட்டிக் கிடக்கும் மீனைக் கருவியால் பிரித்துக் காட்ட இயலாது. ஒலித்துடிப்பு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீடிப்பதாயின், அடிமட்டத்திலிருந்து சுமார் 7 சென்டிமீட்டருக்குள் உள்ள மீன் அடிமட்டத்தின் குறியோடு கலந்துவிடும்.

ஒன்றை மட்டும் இக்கருவி கூறாது: காலடியிலுள்ள பனிக்கட்டி உடலைத் தாங்குமா என்பதை. ஒருவர் நடந்து செல்வதற்கே தெளிவான புதுப் பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் கனமாவது இருத்தல் வேண்டும் என்பது மினசோட்டா அரசின் அறிவுரை. அதனைத் துளையிட்டு, அளவுகோலால்தான் அளந்தறிய வேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்கி, எளியதை முதலில் நோக்கி, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, தெரிந்த பொருளைக் கொண்டு சரிபார்க்கும் இம்முறை உறைந்த ஏரிக்கு மட்டும் உரியதன்று. படகிலும் நீர்த்தேக்கத்திலும் இயங்கும் எதிரொலிக் கருவிகளுக்கும், பள்ளி ஆய்வுக்கூடத்தின் எளிய மின்சுற்றுகளுக்கும் இதுவே பொருந்தும்.