குடித்து ஓட்டிப் போன லைசென்ஸ்: அபராதம் கட்டினால் மட்டும் திரும்பி வருமா?



போன கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக் கொண்டிருந்தபோது, பெருந்துறைப் பக்கத்து ஊர் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, கோர்ட்டுல 15,000 ரூபா கட்டியாச்சு. லைசென்ஸ எப்பங்க திருப்பித் தருவாங்க?" என்று கேட்டார். அவர் வீட்டுக்காரர் ஓட்டுவது சின்ன யானை வண்டி. குழு மூலம் பேங்க் கடன் வாங்கி எடுத்தது. ஆர்.சி. புத்தகம் இவர் பேரில் இருக்கிறது. மஞ்சள் லோடு, நூல் லோடு என்று அந்த வண்டி ஓடினால்தான் மாதத் தவணை கட்ட முடியும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது இது இரண்டாவது தடவை.

அவர் கேட்டதற்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்து கொண்டதை எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கிறது என்று கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது என்று பார்ப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆவது பிரிவுதான் குடித்து ஓட்டுவதற்கானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஊதச் சொல்லும்போது ஊத மாட்டேன் என்று அடம் பிடித்தால், அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். 2019 செப்டம்பர் 1 முதல் தண்டனையை ஏற்றிவிட்டார்கள். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. மறுபடியும் மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது 2 வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அதற்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய்தான் அதிகபட்சம். நம்ம ஆளுங்க பலர் இன்னும் அந்தக் கணக்கையே மனசில் வைத்திருக்கிறார்கள்.

அபராதம் ஒரு பக்கம், லைசென்ஸ் இன்னொரு பக்கம். இங்கேதான் நம்ம சகோதரி ஏமாந்து போனார். அபராதம் கோர்ட்டோடு முடிந்துவிடும். லைசென்ஸ் விஷயம் ஆர்.டி.ஓ. ஆபீசில் தனியாக நடக்கும். போலீஸ்காரர் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதுச் சீட்டுத் தருவார். பழைய வழக்கத்தில் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டுவார்கள். 2019 திருத்தத்திற்குப் பிறகு குடித்து ஓட்டிய வழக்கில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. லைசென்ஸ் கைக்குத் திரும்பி வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

முதல் தடவை என்றால் ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்பார். நேரில் போய்ச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. விளக்கம் சரியில்லை என்றால் 3 மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம். 3 மாதம் கழிந்ததும் தானாக வந்துவிடாது. அரசு அங்கீகாரம் உள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆர்.டி.ஓ. உத்தரவு நியாயமில்லை என்று பட்டால், உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறினால் கஷ்டம். அதனால் நோட்டீஸ் வந்தால் அரிசி டப்பாவுக்கு அடியில் செருகி வைக்காதீர்கள்.

இரண்டாவது தடவை தண்டனை விழுந்தால் கோர்ட்டே லைசென்சை ரத்து செய்துவிட வேண்டும் என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. முடக்கம் வேறு, ரத்து வேறு. நம்ம சகோதரி வீட்டில் நடந்தது ரத்து. பழைய லைசென்ஸ் இனி இல்லை. சின்ன யானைக்கு மட்டுமல்ல, டூவீலருக்கும் சேர்த்துப் போயிற்று. கோர்ட்டோ ஆர்.டி.ஓ.வோ இத்தனை நாள் ஓட்டக் கூடாது என்று தடை போட்டிருந்தால் அது முடிய வேண்டும். பிறகு புதுசாக ஓட்டப் பழகுகிற பையன் மாதிரி எல்.எல்.ஆரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபது வருஷமாக லோடு அடித்த மனுஷன், மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும்.

"அவருக்குத் தெரியாததாங்க?" என்று சகோதரி கேட்டார். ஓட்டத் தெரியும், சரி. பரீட்சையில் கேட்பது வேறு. போக்குவரத்துச் சின்னங்கள், விபத்து நடந்தால் டிரைவர் செய்ய வேண்டியது, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் விதம், வண்டியில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள், இதெல்லாம் வரும். தமிழிலேயே எழுதலாம். 100க்கு 60 வாங்கினால் பாஸ். சிவப்புக் கோடு போட்ட முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு வட்டம் என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். நீலச் சதுரம் வெறும் தகவல், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மாதிரி. குறுகலான பாலத்துக்கு எதிரில் வண்டி ஏற்கெனவே ஏறிவிட்டால், அது கடக்கும்வரை நாம் நிற்க வேண்டும். அனுபவசாலிகள்தான் இந்த மாதிரிக் கேள்வியில் தப்பு விடுகிறார்கள், தினமும் அதற்கு நேர்மாறாகச் செய்து பழகிவிட்டதால்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகுதான் எட்டுப் போடவும் வண்டி ஓட்டிக் காட்டவும் போக முடியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். டி.என். 56 பதிவு நம்பர் தருகிற பெருந்துறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, புரோக்கருக்குத் தண்டம் அழ வேண்டியதில்லை.

நம்ம நாட்டில் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. சிங்கப்பூரில் 1 வருஷமோ அதற்கு மேலோ ஓட்டத் தடை விழுந்தால் லைசென்சே செல்லாது. எழுத்துப் பரீட்சையும் ஓட்டும் பரீட்சையும் மறுபடி முதலில் இருந்துதான். ஆனால் அங்கே ரத்தத்தில் 80 மில்லி கிராம் வரை விடுகிறார்கள். நம்ம சட்டம் 30லேயே பிடிக்கிறது.

இந்த 30ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆள் அதைக் குடித்தால் ரத்தத்தில் சுமார் 150 வரை ஏறும். உடம்பு மணிக்கு 15 அளவுதான் குறைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ராத்திரி 10 மணிக்குக் குடித்தவர் காலை 6 மணிக்கு லோடு ஏற்றக் கிளம்பும்போதும் 30ஐ ஒட்டியே நிற்பார். "தூங்கி எந்திரிச்சாச்சு, தெளிஞ்சிருச்சு" என்பது பேச்சுக்குத்தான். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. சிப்காட் ஷிப்டுக்கு வேன் ஓட்டுகிறவர் வீடுகளில் இதை அவசியம் சொல்லுங்கள்.

சேலம் கொச்சி பைபாஸ் நம்ம ஊர் வழியே போவதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனது, பாலு என்கிற வக்கீல் தொடுத்தது. 20,000 பேருக்குக் குறைந்த ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். கடை தள்ளிப் போனது, குடித்துவிட்டு வண்டியில் திரும்பி வரும் தூரமும் கூடியது என்பது என் அபிப்பிராயம்.

இனி நமக்கு நேரடியாகத் தலைவலி தரும் விஷயம். ஆர்.சி. உங்கள் பேரில் இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள்தான் வண்டி முதலாளி. குழுக் கடனில் எடுத்த வண்டியோ, 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியத்தோடு வாங்கிய ஸ்கூட்டியோ, எல்லாம் அப்படித்தான். லைசென்ஸ் இல்லாதவருக்குத் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால் முதலாளிக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். தடை இருக்கும்போது ஓட்டியவருக்குத் தனியாக 10,000 ரூபாய் வரும். சாவியை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், அவரே எடுத்துட்டுப் போயிட்டார் என்றால் நம்ப வைப்பது உங்கள் பாடு.

அதைவிடப் பெரிசு இன்சூரன்ஸ். குடித்து ஓட்டி மோதினால் நம்ம வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்கு நஷ்ட ஈட்டைக் கம்பெனி முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளக் கோர்ட் அனுமதிப்பது உண்டு. அது லட்சக்கணக்கில் வரும். குழுவில் நாம் பத்து வருஷம் சேமித்தாலும் தேறாத தொகை.

சகோதரி வீட்டில் இப்போது வண்டி நிற்கவில்லை. கார் லைசென்ஸ் வைத்திருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவரை நாள் கூலிக்குப் போட்டு ஓட்டுகிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை அந்த லைசென்சிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்திருக்கிறது. கூலி போக மிச்சம் குறைவு. இரண்டு மாதத் தவணையைப் பாதியாகக் கட்ட அவர் குழு ஒத்துக்கொண்டது, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வீட்டில் எட்டாவது படிக்கும் பொண்ணு சின்னங்களை நோட்டில் வரைந்து அப்பாவிடம் கேள்வி கேட்கிறதாம். கூடவே உட்கார்ந்து கேட்டதில் சகோதரிக்கும் எல்லாம் மனப்பாடம். "நானும் எல்.எல்.ஆர். போட்டுரலாம்னு இருக்கறனுங்க" என்றார் நேற்று போனில்.