நல்ல சிங்களவருக்கு ஒரு தனிப்பெட்டி

இலங்கைப் போர் 2009இல் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவு நாளான மே 18 நெருங்குகிறது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் கடிதங்கள் வருகின்றன. '2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் சிங்களவர்களே முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தார்களாமே, நிஜமா? அப்படியானால் பகை தீர்ந்ததா?' என்பதே அவற்றின் சாரம்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நிஜம்தான். அப்போதைய அதிபர் கோட்டாபய ராஜபக்சவை வீட்டுக்கு அனுப்பத் திரண்ட 'அரகலய' போராட்டக்காரர்கள் அங்கேயே போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தி, அதன் அடையாளமான கஞ்சியைப் பகிர்ந்தார்கள். பிக்குகளும் உடன் நின்றார்கள். இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

எதிர்த்தரப்பில் ஒருவர் தன் அரசையே எதிர்த்தால் நம் வெறுப்பு குறையுமா?

குறையலாம், மனசு ஒரு தந்திரம் செய்யாமல் இருந்தால். போர் நடக்கும்போது எதிர் இனம் முழுக்க ஒரே முகமாகத் தெரியும். 'சிங்களவன்' என்று ஒருமையில்தான் பேச்சே வரும். அந்த நேரத்தில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க போல ஒருவர் எழுதுகிறார். சிங்களவர்; புலிகளையும் சாடினார், சொந்த மக்கள்மீதே குண்டு போடும் அரசையும் சாடினார். 2009 ஜனவரி 8 அன்று கொழும்பு அருகே கொல்லப்பட்டார்.

படிக்கிற தமிழருக்கு நெஞ்சு கனக்கும். உடனே, 'இவர் நல்ல சிங்களவர், மற்றவர்கள் இப்படி இல்லை' என்று அவரைத் தனிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம். மீதிப் பேரைப் பற்றிய எண்ணத்தில் ஒரு கீறல்கூட விழாது. சமூக உளவியலாளர்கள் இதைச் 'சப்டைப்பிங்' என்கிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடு: வெறுப்பையும் விட வேண்டாம், நியாயவான் என்ற பெயரும் கெடாது.

இந்தப் பெட்டியில் ஓர் ஆளை அடைக்கலாம், ஒரு திடலை அடைக்க முடியாது. தனிமனிதரைவிட இயக்கத்துக்குப் பலம் கூடுவது இதனால்தான். இருந்தும் 2022இல் இலங்கையின் வடக்கில் தமிழர் பலர் ஒதுங்கியே நின்றார்கள். கேஸும் பெட்ரோலும் தீர்ந்த பிறகுதானே இவர்களுக்குக் கோபம் வந்தது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தன் அரசையே எதிர்ப்பவருக்குச் சொந்த இனத்தில் என்ன பெயர்?

துரோகி. அதாவது, 'பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகவில்லை' என்ற அரசுக் கணக்கை நம்பாதவர். போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு.

தமிழர் பக்கம் அப்படி யாரும் இல்லையா?

யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

சென்னைக்கும் இதற்கும் என்ன?

2013 மார்ச்சில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பிக்குவைச் சிலர் தாக்கினார்கள். அவர் போரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்து அடிக்கவில்லை. காவி உடையும் இலங்கை என்ற பெயரும் போதுமானவையாக இருந்தன.