மாற்று இன்ஜினும் மறந்துபோன பட்டையும்

சுரங்கம் மூடிய ஊரில் பிழைப்பு சக்கரத்தின் மேல் ஓடுகிறது. சக்கரம் நின்றால்?

ராபர்ட்சன்பேட்டையின் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட்டுக்கு அந்த பிக்கப் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டபோது காலை மணி எட்டு. தக்காளிக் கூடைகள் ஏறியிருக்க வேண்டிய பின்பக்கம் காலி. வண்டிக்காரரின் முகமும் அப்படித்தான். "இன்ஜின் மாத்தி பத்து நாள்கூட ஆகலை சார். ஒரு நாள் கிளம்புது, ஒரு நாள் கிளம்பல" என்று புலம்புகிறார். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. மகனுக்குச் சுரங்கம் இல்லை. இந்த வண்டிதான் இருக்கிறது.

கோலார் தங்கவயலில் இது புதிய கதை அல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த மண் இது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்குத்தான் முதலில் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர்கள் இறங்கிய ஊரில், 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று விடிவதற்கு முன்பே பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். உள்ளூரிலேயே இருப்பவர்களில் சிலர் பழைய வண்டி ஒன்றை வாங்கி, கோலார் சந்தைக்கும் ஆந்திர, தமிழக எல்லை ஊர்களுக்கும் சரக்கு ஓட்டுகிறார்கள்.

பழைய வண்டி என்றால் என்றாவது ஒரு நாள் இன்ஜின் படுத்துவிடும். புது இன்ஜினுக்குப் பணம் ஏது? பழைய சாமான் கடையில் கிடைக்கும் இன்ஜினே கதி. இந்த வண்டிக்கும் அப்படித்தான், வேறொரு ஊரில், வேறொரு பட்டறையில் இன்ஜின் ஏற்றப்பட்டது. அதே கம்பெனி, அதே ரகம். ஆனால் அது ஓடியது வண்டியில் அல்ல, ஜெனரேட்டர் செட்டில். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

ஷெட்டின் மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஃபிட்டர். "பெயர் போடாதீங்க, வேலையைப் பாருங்க" என்கிறார். ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் சாவியைத் திருப்பச் சொல்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு மங்குகிறது, அவ்வளவுதான். பேட்டரி புதிது. ஸ்டார்ட்டரையும் மாற்றியாகிவிட்டது என்கிறார் உரிமையாளர். மெக்கானிக் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார். சுடுகிறது!

காரணம் எளிது. இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினையும் சேஸிஸையும் ஒரு பின்னல் செம்புப் பட்டை இணைக்கும். இதுதான் எர்த். இன்ஜினை இறக்கும்போது கழற்றிய பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஸ்டார்ட்டர் கேட்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அத்தனை மின்சாரமும் திரும்பி வர வேறு வழியில்லாமல் மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே போக முயன்றிருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் இன்னொன்றை இன்ஜின் மீதும் வைத்து சாவியைத் திருப்பினால், அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இங்கே நான்கைத் தாண்டியது. சேஸிஸுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த பட்டையைத் துரு சுரண்டிப் பூட்டியதும் இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பியது. அநியாயமாகக் குப்பைக்குப் போனது ஒரு நல்ல ஸ்டார்ட்டர்.

ஆனால் இரண்டு நிமிடம் ஓடியதும் இருமி நின்றது. இது இரண்டாவது நோய். டீசல் குழாயில் காற்று. பெட்ரோல் வண்டி கொஞ்சம் காற்றைப் பொறுத்துக்கொள்ளும். டீசல் பம்ப் பொறுக்காது. காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளுமே தவிர இன்ஜெக்டரைத் திறக்காது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். சோடா பாட்டில் மாதிரி குமிழிகள் வரிசையாகப் போயின. பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டது ஒரு தவறு, டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது இன்னொன்று. இரண்டையும் மாற்றி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றியதும் ஓட்டம் நிதானப்பட்டது.

மூன்றாவது, இழுவை இல்லாமை. மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்குகிறது, மட்டமான சாலையிலும் வேகம் ஏறவில்லை. இங்கேதான் ஜெனரேட்டர் ஜாதகம் பேசுகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைத் தருவதற்கு ஜெனரேட்டர் இன்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அதற்கேற்ப பம்பின் கவர்னரைக் கட்டிப்போட்டிருப்பார்கள். வண்டி இன்ஜினோ அதைப்போல இரு மடங்குக்கு மேல் சுற்ற வேண்டியது. ஸ்க்ரூவைத் திருகிச் சமாளிக்கலாமே? "அது கள்ள வேலை" என்கிறார் மெக்கானிக். பம்பைக் கழற்றி, பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, வண்டிக்குரிய அளவில் செட் பண்ண வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று உரிமையாளர் நினைத்த நேரத்தில்தான் மெக்கானிக் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "பிரேக் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கல்லு மாதிரி இருக்குண்ணே. பழைய வண்டிதானே, அழுத்திப் புடிச்சா நிக்குது."

மெக்கானிக்கின் முகம் மாறியது. பெட்ரோல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இன்ஜினே உறிஞ்சித் தந்துவிடும். டீசல் இன்ஜினில் காற்று வழியை அடைக்கும் கதவு பொதுவாக இல்லை. எனவே வெற்றிடத்துக்குத் தனி பம்ப் வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் செட்டுக்கு ஏது பிரேக்? அந்த ஆல்டர்னேட்டரில் பம்பும் இல்லை. பூஸ்டருக்குப் போகும் குழாயின் வாயை ஒரு போல்ட்டால் அடைத்து, கிளிப் மாட்டி அனுப்பியிருந்தார்கள். பத்து நாளாக இந்த வண்டி, பாரம் ஏற்றிக்கொண்டு, பூஸ்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது. வி.கோட்டா தாண்டி பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதையிலும்.

உரிமையாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, போன வாரம் அந்த இறக்கத்தில் தன் பையனும் பக்கத்து சீட்டில் இருந்தான் என்றார்.

பழைய இன்ஜினின் ஆல்டர்னேட்டர் நல்லவேளையாக வீட்டுத் திண்ணையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பொருத்தி, பம்புக்கு எண்ணெய் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைக்க மாலையாகிவிட்டது. எண்ணெய் போகாவிட்டால் பம்ப் சில நாளில் தேய்ந்து, பிரேக் மறுபடியும் கல்லாகும். கடைசியாக ஒரு பரீட்சை. யார் வேண்டுமானாலும் தம் வண்டியில் செய்து பார்க்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகும். அப்படியே கால் வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

பாக்கியிருப்பது காகித வேலை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ரக இன்ஜினை மாற்றுவதானாலும் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே இந்த எண்ணாக இருக்கலாம். பழைய இன்ஜினை விற்றவரிடம் ரசீது வாங்குவதும் இதனால்தான் அவசியம். ரசீது இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜினா இல்லையா என்று எப்படி நிரூபிப்பது? நம் ஆளிடம் ரசீது இருக்கிறது. அனுமதி இல்லை. மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகம் போவதாகச் சொன்னார்.

தவறு எங்கே நடந்தது? இன்ஜின் மாற்றுவது என்றால் நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட்டைப் பூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜினோடு எர்த், டீசல், தண்ணீர், எண்ணெய், வெற்றிடம் என்று ஐந்தாறு உறவுகளும் கழன்றுவிடுகின்றன. அவை ஒவ்வொன்றையும் திரும்ப இணைத்தோமா என்று எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. மெக்கானிக் கழற்றும்போதே ஒவ்வொரு குழாய்க்கும் வயருக்கும் சாக்பீஸால் எண் போடுகிறார். பூட்டும்போது ஒரு எண் மிச்சமானால் வண்டி ஷெட்டை விட்டுப் போகாது.

"அப்பா சொல்லுவாரு, கூண்டு கீழே இறங்கறதுக்கு முன்னாடி தினமும் கயிறைப் பார்ப்பாங்களாம். நேத்து பார்த்தோமேன்னு யாரும் சொல்ல மாட்டாங்களாம்" என்கிறார், கையைத் துடைத்தபடி. சுரங்கத்தின் கூண்டுகள் நின்றுபோய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பழக்கம் மட்டும் இந்தத் தகர ஷெட்டில் மிஞ்சியிருக்கிறது. இரவு ஏழு மணிக்கு வண்டிக்காரர் கிளம்பினார். சந்து முனையில் ஒரு முறை பிரேக் விளக்கு சிவந்தது. அவசியம் எதுவும் இல்லை. சும்மா மிதித்துப் பார்த்திருக்கிறார்.