ஒற்றை விரலால் உலகை ஆட வைத்தவர்!

உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை முதலில் செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அப்புறம் அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். குரல் அதேதான், மெட்டும் அதேதான். ஆனால், இரண்டாவது முறை பாட்டுக்கு அடியில் யாரோ தரை போட்டுக் கொடுத்தது போலிருக்கும். முதல் முறை காணாமல் போனது பெரும்பாலும் பேஸ் கிடாராக இருக்கும். அதன் மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப செல்போனின் குட்டி ஸ்பீக்கருக்குத் தெம்பு கிடையாது.

மேடையிலும் இதே கதைதான். எல்லோர் கண்ணும் பாடகர்மேல் இருக்கும். மிச்சமிருப்பதை லீட் கிடாரும் டிரம்ஸும் பங்கு போட்டுக்கொள்ளும். ஓரமாக நான்கு கம்பி கிடாரோடு தலையாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். ‘இவர் என்னதான் பண்றார்?’ என்று நமக்குத் தோன்றும்.

ஒரு சின்ன உதாரணம். கீபோர்டுக்காரர் ச, க, ப என்று மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறார். கீழே பேஸ் கிடாரும் ‘ச’ வாசித்தால் பளிச்சென்று ஒரு சந்தோஷம் கேட்கும். கீபோர்டில் விரலை நகர்த்த வேண்டாம். பேஸ் மட்டும் கீழே இறங்கி ‘த’ வாசிக்கட்டும். அதே மூன்று ஸ்வரங்கள் இப்போது லேசான சோகமாகிவிடும்! பாட்டின் முகத்தையே மாற்றும் அதிகாரம் அந்த ஓரத்து மனிதர் கையில் இருக்கிறது. போதாததற்கு, டிரம்ஸின் தாளத்தையும் பாட்டின் ஸ்வரத்தையும் முடிச்சுப் போடுவதும் அவர்தான்.

இவ்வளவு இருந்தும், இந்த வேலைக்கு ஆரம்பத்தில் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1961-ல் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிடார்காரர் விலகியபோது, அதைக் கையில் எடுக்க மற்றவர்களுக்கு விருப்பமில்லை. கடைசியில் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. பிறகு அதே மெக்கார்ட்னி, ‘அமெரிக்க ரெக்கார்டுகளில் மட்டும் பேஸ் எப்படி இவ்வளவு கனமாகக் கேட்கிறது?’ என்று ஏங்க ஆரம்பித்தார். 1966-ல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டுக்காக, ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி அவர் பேஸைப் பதிவு செய்தார்கள்.

அவரை ஏங்க வைத்த அமெரிக்க ரெக்கார்டுகளில் பலவற்றில் வாசித்தவர் ஒரே ஆள். பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்தப் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. உறையில் போட்டால்தானே தெரியும்?

1936-ல் தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட் நகருக்கு வந்து, பள்ளியில் ஆளுயர டபுள் பேஸ் கற்றுக்கொண்டு, ஜாஸ் கிளப்புகளில் வாசித்தார். அந்த ஊரில்தான் மோட்டவுன் இசை நிறுவனம் முளைத்தது. ஒரு சாதாரண வீட்டைத்தான் ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். கூரையிலிருந்து கேபிள்கள் தொங்கியதால், கலைஞர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பாம்புக் குழி’. அங்கே வாசித்த குழு ‘ஃபங்க் பிரதர்ஸ்’. ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ் என யார் பாடினாலும் பின்னால் இவர்கள்தான் இருந்தார்கள்.

ஜேமர்சன் எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறியபோதும் டபுள் பேஸ் பழக்கத்தை விடவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். சக கலைஞர்கள் அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கருவி 1962-ல் தயாரான ஃபெண்டர் பிரிசிஷன். அதன் கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அழுக்கு ஏற ஏறத்தான் நாதம் என்பது அவர் கட்சி. (தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவவிடாத பாட்டிகள் இதைச் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள்.)

எப்போது சும்மா இருக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரியும். 1964-ன் ‘மை கேர்ள்’ அவருடைய எளிமையான பேஸோடுதான் தொடங்குகிறது. குழந்தைகூட வாசித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது. 1968-ன் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாட்டிலோ, ஸ்டீவி வொண்டரின் குரலுக்குக் கீழே அவர் இன்னொரு பாட்டையே பாடிக்கொண்டு போகிறார். குரலை ஓர் இடத்தில்கூட மிதிக்கவில்லை. எனக்கு இது ‘மை கேர்ள்’ளைவிட ஒரு படி மேல்.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பதிவான கதையைப் பலரும் சொல்வார்கள். மார்வின் கே அவரைத் தேடிப் போய் ஒரு கிளப்பிலிருந்து ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தாராம். குடித்திருந்த ஜேமர்சனால் ஸ்டூலில் நேராக உட்கார முடியவில்லை. தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்து முடித்தாராம். 1971-ல் வந்த அந்த ஆல்பத்தின் உறையில்தான் மோட்டவுன் முதன்முறையாக வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டது. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஈடு இணையற்ற’ என்ற அடைமொழியும் இருந்தது.

அதற்கு அடுத்த வருடமே மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். அங்கே காலம் மாறியிருந்தது. பளபளக்கும் புதுக் கம்பிகளும் படபடக்கும் புது வாசிப்பும் வந்துவிட்டன. இவர் தன் பழைய கம்பிகளை விடவில்லை. குடியும் இவரை விடவில்லை. வாய்ப்புகள் குறைந்துகொண்டே போயின.

1983 மார்ச்சில் மோட்டவுனின் 25-ம் ஆண்டு விழா நடந்தது. மைக்கேல் ஜாக்சன் ‘மூன்வாக்’ போட்டு உலகையே வாய்பிளக்க வைத்த அதே விழா. ஜேமர்சனுக்கு மேடையில் இடமில்லை. அவர் டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். சில மாதங்களில் அந்த 1962 கிடாரும் திருடுபோனது. சாகும்வரை அது அவர் கைக்குத் திரும்பவில்லை. 1983 ஆகஸ்ட் 2 அன்று, 47 வயதில் இறந்தார்.

பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. 1989-ல் அவர் வாழ்க்கையும் வாசிப்பும் புத்தகமாயின. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பின்னணிக் கலைஞர்களுக்கென முதன்முறையாக ஒரு பிரிவைத் தொடங்கி அவரையும் சேர்த்துக்கொண்டது. 2002-ல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றி ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்’ என்ற ஆவணப்படம் வந்தது.

நம் பக்கமும் இந்த விஷயத்தில் பெருமைப்பட முடியாது. இளையராஜா பாடல்களின் பேஸை வாயாலேயே பாடிக்காட்டும் ரசிகர்கள் உண்டு. அதை வாசித்த சசிதரனின் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். ரஹ்மான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் பெயராவது ஆல்பத்தின் உறையைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜேமர்சனின் பேஸை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த ஒலிப்பதிவுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. குரல் கிடையாது, வயலின் கிடையாது. 1967-ன் ‘எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்’ கிடைத்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்போன் முக்கியம்!