விரதமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்

மகாபாரதத்தின் மௌசல பர்வத்தைப் படிப்போர் நெஞ்சம் கலங்காதிராது. பாரதப்போர் முடிந்த 36-ஆம் ஆண்டில், துவாரகையில் எவரும் மது வடிக்கலாகாது, மீறினால் மரண தண்டனை என்று பறையறைவிக்கப்பட்டது. ஆயினும், பிரபாச தீர்த்தத்திற்கு யாத்திரை சென்ற யாதவர்கள் அங்கே மது அருந்தினர். போதையில் சாத்யகிக்கும் கிருதவர்மாவுக்கும் மூண்ட வாய்ச்சண்டை கொலையில் முடிந்தது. கரையோரக் கோரைப்புல்லே உலக்கையாக மாற, ஒரு குலமே தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது. அரசாணை இருந்தது, புண்ணிய தீர்த்தம் இருந்தது, கண்ணபிரானே உடனிருந்தார். எனினும், முனிவர் சாபம் பலிப்பதற்கு மதுவே வாயிலாயிற்று.

அன்று ஒரு குலத்துக்கு நேர்ந்த கேடு, இன்று நம் நாட்டில் ஓசையின்றிப் பரவுகிறது. மத்திய அரசின் சார்பில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களுள் 5 கோடிக்கும் மேற்பட்டோர் குடியால் துன்புற்று உதவி தேவைப்படுவோர். கல்லீரல் சுருக்கம், கணைய வீக்கம், இரத்தக் கொதிப்பு, வாயிலும் உணவுக்குழாயிலும் புற்று, சாலை விபத்து, தற்கொலை என்று அதன் கொடுமை பலவாறாக விரிகிறது. உலகெங்கும் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் மாண்டோர் 26 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இவற்றினும் வேதனை தருவது ஒன்றுண்டு. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்கிறது அதே இந்திய ஆய்வு. எஞ்சிய 37 பேர் எங்கே? பெரும்பாலும் நம் இல்லங்களில், குடும்ப மானத்துக்கு அஞ்சி மறைக்கப்பட்டிருக்கிறார்கள். மகனுக்குச் சர்க்கரை நோய் என்றால் மறைப்போமா?

குடிப்பவரைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்று, சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் ஒன்றை அறிதல் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த வேதனை தாளாமல் மீண்டும் குடித்தவரைச் ‘சாமி சத்தியத்தை மீறியவன்’ என்று பழிக்கிறோம். மீறியது அவர் மனம் மட்டுமன்று; நோயுற்ற உடலும் சேர்ந்தே மீறியது. ஆகவே, கயிறு கட்டும் நாளுக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம்.

இதற்கு முதற்சொல் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. ஏசாமல், அழாமல், காலைப்பொழுதில் தெளிவோடு இருக்கையில் அருகமர்த்தி, “வா, நானும் உடன் வருகிறேன்” என்று சொல்லுங்கள். மருத்துவரை நாடுவது பக்திக் குறைவாகாது. புள்ளிருக்குவேளூரில் இறைவன் ஏற்ற திருநாமமே வைத்தியநாதன் அன்றோ!